தாகேதாவில் உறைபனி

மொண்ட்ரியாலில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்து தெருவுக்கு இறங்கும். இரும்புப் படிகள், பதினேழு. நான் கிளம்பிய காலையில் பதினோராவது படியில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. மகள் உப்பைத் தூவிக்கொண்டே முன்னால் இறங்கினாள். நான் கைப்பிடியை விடாமல் பின்னால் போனேன். எழுபத்தேழு வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே மூன்று பேர் சாட்சி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநான்கு பாகை. எங்கள் பக்கத்தில் ஒன்பது கார்கள் நின்றிருக்க வேண்டும். ஒன்பது வெள்ளை மேடுகள்தான் தெரிந்தன.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தச் சொன்னேன். அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் மண் பாறையாகிவிடும், குழி வெட்ட முடியாது. டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் இறந்துபோகிறவர்களின் பெட்டிகளை ஒரு கல் கட்டடத்துக்குள் அடுக்கி வைத்திருந்து, மண் இளகிய பிறகு புதைப்பார்கள். என் மனைவி எஸ்தர் அங்கேதான் இருக்கிறாள். அன்றோடு நாற்பத்தேழு நாட்கள். கதவு பூட்டியிருந்தது. வாசலில் முழங்கால் அளவு பனி. அந்தப் பனியில் கதவிலிருந்து வெளியே போகும் காலடிகள் இருந்தன. சிறிய காலடிகள். உள்ளே போனவை ஒன்றுகூட இல்லை. "காவல்காரரா இருக்கும்ப்பா, ஏறுங்க" என்றாள் மகள். பதினான்கு வரை எண்ணினேன். அதற்கு மேல் புதிய பனி மூடிவிட்டிருந்தது.

நாங்கள் விட்டுவந்த யாங்கோனுக்கு நான் போக நேர்ந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. எஸ்தரின் தங்கை ரூத், அந்த ஊரின் தாகேதா பகுதியில் அவர்கள் பிறந்த வீட்டிலேயே இன்னும் இருக்கிறாள். பள்ளிக்கூடத்து ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய மகள் சில்வியாதான் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, அம்மா விடியிறதுக்குள்ள தோட்டத்துக்குப் போயிடறாங்க. எஸ்தர் பெரியம்மா வந்து நிக்கிறாங்களாம். அம்மா போர்வைய நீட்டிக்கிட்டு எதிர்ல நிக்கிறாங்க, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். சாப்பாடு எறங்கல. நாப்பத்தி நாலு கிலோ இருந்தவங்க முப்பத்தி ஏழுக்கு வந்துட்டாங்க. நெஞ்சுல சளி கட்டியிருக்கு, இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டர் சொல்றார். நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாங்க."

என்ன சொல்வது என்று தெரியாமலேதான் கிளம்பினேன். புதைத்தாயிற்று என்றுதான் யாங்கோனுக்குச் சொல்லியிருந்தோம். கல் கட்டடத்தைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

யாங்கோனில் இறங்கியபோது பகல் இரண்டு மணி, இருபத்தொன்பது பாகை. விமான நிலைய வாசலிலேயே கோட்டு, இரண்டு ஸ்வெட்டர், கம்பளிச் சட்டை, உள்ளே போட்டிருந்த இன்னொன்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். டாக்ஸி டிரைவர் கம்பளிக் குல்லாய் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையைக் கட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வெங்காயம் வந்து இறங்கியிருக்கு" என்று பக்கத்து டிரைவரிடம் பர்மியத்தில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார்.

"உரிக்கும்போது நான்தானே அழணும், உனக்கென்ன?" என்று பர்மியத்திலேயே கேட்டேன். அதற்குப் பிறகு வழியெல்லாம் அவர் என்னை மாமா என்றே கூப்பிட்டார். இந்த வருஷம் குளிர் தாங்க முடியவில்லை என்று புலம்பினார். பெட்ரோலுக்காக ஒரு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் அறுபத்துமூன்று வண்டிகள். வரிசையில் நின்ற பெண்கள் சாமந்திப்பூ வாங்கிக் கொண்டையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மொண்ட்ரியாலில் அந்த நேரத்தில் பனியை வாரும் லாரி சங்கு ஊதிக்கொண்டு தெருவில் நுழைந்திருக்கும்.

பாசுந்தௌங் ஓடையின் பாலத்தைத் தாண்டினால் தாகேதா. ரூத்தின் வீட்டுத் தோட்டம் இருபதடிக்கு முப்பத்தைந்தடி. அந்தத் தெருவில் இவ்வளவு மண் வேறு யாருக்கும் இல்லை. ஒரு கொய்யா, இரண்டு வாழை, வேலியோரம் ரோஜா ஏழு, சாமந்தித் தொட்டி பதினான்கு, நடுவில் ஒரு பாத்தி முழுக்க டேலியா. ஜனவரிதான் யாங்கோனுக்குப் பூக்காலம். மழை போய்விட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை. தேனீக்களின் சத்தம் தெருவிலேயே கேட்டது.

அந்தப் பூக்களுக்கு நடுவிலிருந்து ரூத் எழுந்து வந்தாள். மாலை வெயிலில் மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"வாங்க அத்தான். எளைச்சிட்டீங்களே."

"நீ என்ன பெருத்தா போயிருக்க?"

"எனக்கென்ன. ஒரு சுத்து வந்த லுங்கி இப்ப ரெண்டு சுத்து வருது. துணி லாபம்."

சிரித்தபோது உதடு பிளந்து ரத்தம் துளிர்த்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் முட்டிகளில் தோல் வெடித்திருந்தது. இந்த வெடிப்பை நான் அறிவேன். கையுறை இல்லாமல் ஜனவரி மாதத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கை அப்படி ஆகும். யாங்கோனில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. ஐம்பத்தைந்து வயதுவரை நான் வாழ்ந்த ஊர் அது.

இரவுச் சாப்பாட்டுக்கு இறால் போட்ட புளிச்சகீரை வைத்திருந்தாள். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அவள் சாப்பிட்டது நான்கு கவளம். கரண்ட் போய்விட்டது. சீக்கிரமே படுத்துக்கொண்டோம்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். பழக்கதோஷத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஆகாயம் சாம்பல் நிறத்தில் வெளுத்துக்கொண்டிருந்தது. ரூத் டேலியாப் பாத்தியின் முன்னால், இரண்டு கையிலும் போர்வையை விரித்துப் பிடித்தபடி நின்றாள். குளித்துவிட்டு வரும் குழந்தைக்குத் துண்டு பிடிப்பது போல. அவள் மூச்சு வாயிலிருந்து புகையாக வந்தது.

கோட்டின் ஜிப்பில் ஒரு சின்ன வெப்பமானி தொங்குகிறது, பத்து வருஷமாக. வாசலில் பார்த்தேன், பதினெட்டு. பாத்தியின் அருகில் போய்ப் பார்த்தேன், மூன்று. திரும்ப வாசலுக்கு வந்தேன், பதினெட்டு. வெப்பமானி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். என் மூச்சும் புகைந்தது. அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

"ரூத்து, உள்ள வா."

"உக்காருன்னா உக்கார மாட்டேங்கிறா அத்தான். படுக்க எடம் கெடைக்கலன்னு நின்னுக்கிட்டே இருக்கா. அக்காவ இன்னும் பொதைக்கலயா?"

"பொதைச்சாச்சுன்னு அன்னைக்கே சொன்னோமே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாத்தியைப் பார்த்தாள். யாரோ பேசுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"இல்லங்கிறா."

வெளிச்சம் வந்ததும் அவளாகவே உள்ளே போய்விட்டாள். நான் பாத்தியருகே குனிந்தேன். டேலியா இலைகளில் பதினொன்று கறுத்து, வெந்த கீரை போலத் துவண்டு தொங்கின. பூச்சி அரித்த துளை இல்லை, புள்ளி இல்லை. மொண்ட்ரியாலில் அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த மறுநாள் எஸ்தரின் கத்திரிச்செடிகள் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு வருஷமும் அவள் அவற்றின் முன்னால் நின்று, "ஒரே ராத்திரில எரிச்சிடுச்சு பாருங்க" என்பாள். யாங்கோனில் உறைபனி விழுந்ததாக எந்தக் கிழவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காலை உணவுக்குப் பக்கத்து வீட்டு ஊ தௌங் மொஹிங்கா வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட. டவுன்ஷிப் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவர். நானும் கப்பல் ஏஜென்சியில் முப்பத்தோரு வருஷம் எழுத்தர். இரண்டு எழுத்தர்கள் சேர்ந்தால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வந்துவிடும். மீன் குழம்பில் ஊறிய சேமியாவை உறிஞ்சிக்கொண்டே அவர் பர்மியத்தில் சொன்னார்:

"அம்மணிக்கு ஆர்டர் போடாமல் விட்டுவிட்டீர்கள். அதுதான் கோளாறு."

"என்ன ஆர்டர்?"

"மாற்றல் ஆர்டர்தான், வேறென்ன. வெளியூரில் வேலையில் இருக்கும்போது ஒருவர் செத்துப்போனால் அந்த இடத்திலிருந்து அவரை விடுவித்து எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆவி வேலையை விட்டு வராது. வந்தாலும் அனுமதியில்லாமல் வந்தவர் மாதிரி வாசலிலேயே நிற்கும். என் அண்ணன் மலைநாட்டில் வாத்தியாராக இருந்து செத்தார். பெட்டியை ஏற்றிய லாரி மூன்று தடவை நின்றுபோயிற்று. தலைமை ஆசிரியர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சத்தமாகப் படித்தார். லாரி கிளம்பியது. பெயர், இருந்த இடம், போகும் இடம், மேலதிகாரி கையெழுத்து, முத்திரை. வெயில் ஏறுவதற்குள் படிக்க வேண்டும். அவ்வளவுதான்."

"அவள் எங்கேயும் உத்தியோகம் பார்க்கவில்லையே. மேலதிகாரிக்கு எங்கே போவது?"

"அந்த ஊருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது யார்?"

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், இதையெல்லாம் நம்புவதில்லை என்று சொன்னேன். ஊ தௌங் தலையாட்டினார். "நம்ப வேண்டாம். என் அதிகாரிகளில் பாதிப் பேர் தாங்கள் போட்ட ஆர்டரையே நம்பியதில்லை" என்றார்.

நான் மறுத்ததற்கு மதம் மட்டும் காரணமில்லை. மொண்ட்ரியாலில் இரண்டு பேருக்கான இடம் வாங்கி வைத்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில். எஸ்தரை அங்கிருந்து விடுவித்துக் கையெழுத்துப் போட்டால் அந்த இடத்தில் நான் யாரோடு கிடப்பது? ரூத்துக்குத் தோட்டம் இருக்கிறது, மகள் இருக்கிறாள். இந்தக் கணக்கை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை, கருகிய இலைகள் பத்தொன்பது. ரூத் இருமிய இருமலில் போர்வை கையிலிருந்து விழுந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல், தமிழ்க் கடைகள் உள்ள பபேடானுக்குப் போய் தோசை சாப்பிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நின்றுகொண்டிருந்தும் யாரும் உட்காரவில்லை. ஒரு தடித்த அம்மாள் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஐஸ் தண்ணீர்! ஏசி ஒழுகுது, டிரைவர்" என்று கத்தினாள்.

"என் பஸ்ஸுல ஏசி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அக்கா" என்றார் டிரைவர். பஸ் முழுக்கச் சிரித்தது.

இருக்கைக்குக் கீழே பார்த்தேன். தரையில் தண்ணீர் இரண்டு சிறு குட்டைகளாக, ஒன்றையொன்று ஒட்டித் தேங்கியிருந்தது. பனியில் நடந்து வந்து பஸ்ஸில் உட்காரும் ஒருவருடைய பூட்ஸிலிருந்து இப்படித்தான் வடியும். எனக்குப் பயமாக இல்லை. அதைச் சொல்ல வேண்டும். வலது பக்கத்துக் கையும் தோளும் குளிர்ந்துபோயின, நான் நகர்ந்து உட்காரவில்லை. இருபத்திரண்டு குளிர்காலம் பஸ்ஸில் எஸ்தர் எனக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்து வந்தாள். கண்ணை மூடினேன். நேர வித்தியாசத்தில் கெட்டிருந்த தூக்கம் அப்போது வந்து அமுக்கிவிட்டது.

டிரைவர் தோளைத் தட்டியபோது பஸ்ஸில் நான் ஒருவன்தான். பபேடானைத் தாண்டி, ஊரையே தாண்டி, ஷ்வேப்யிதாவில் கடைசி நிறுத்தம். சுற்றிலும் தொழிற்சாலைச் சுவர்கள். பக்கத்து இருக்கை காய்ந்திருந்தது. நல்ல வேளையாக சில்வியா அங்கேதான் ஒரு தையல் தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்க்கிறாள். போன் பண்ணினேன். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மூச்சிரைக்க வந்தாள்.

"தோசை திங்க ஷ்வேப்யிதாவுக்கு வந்த மொத ஆள் நீங்கதான் பெரியப்பா."

டாக்ஸியில் என்னைப் பபேடானுக்குக் கூட்டிவந்து, தெருவோரத்துத் தோசைக் கடையில் உட்கார வைத்தாள். சாம்பாரில் புளி கொஞ்சம் தூக்கல், அதே பழைய ருசி. நான் இரண்டு தோசை சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு தமிழும் பர்மியமும் கலந்து ஆரம்பித்தாள்.

"ஊ தௌங் சொன்னத நீங்க மாட்டேன்னுட்டீங்களாம். எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்ல. பெரியம்மா வராங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா அம்மா போறாங்க. அது எனக்கு..." தமிழ் வரவில்லை. பர்மியத்துக்கு மாறினாள். "தினமும் பார்க்கிறேன். அம்மா பாதி அங்கே போய்விட்டார்கள், அந்தக் குளிருக்குள். ஒரு தாள்தானே பெரியப்பா? பொய்யாக இருந்தால் தாள் வீண். அவ்வளவுதானே?"

எழுந்து கை கழுவினேன். கழுவிவிட்டு, முத்திரை செய்கிறவர் யாராவது இந்தத் தெருவில் உண்டா என்று கேட்டேன்.

நடைபாதையில் ஒரு குடைக்கு அடியில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் விபூதி. மேஜைமேல் மாதிரி முத்திரைகள் நாற்பத்தாறு.

"வாங்கய்யா. பேரச் சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"பதவி?"

சில்வியா என்னைப் பார்த்தாள். முன்னாள் எழுத்தர் என்று போட்டால் அது கப்பல் கம்பெனிக்கு. எஸ்தர் விஷயத்தில் அந்தப் பதவிக்கு அதிகாரம் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறது.

"கணவர்னு போடுங்க."

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார். "முப்பது வருஷமா ரப்பர் வெட்டறேன். டாக்டர், வக்கீல், பஞ்சாயத்து, எல்லாம் வெட்டியாச்சு. இந்தப் பதவிய யாரும் முத்திரையா கேட்டதில்லீங்க. ப்ரமோஷனும் கெடையாது, ரிடயர்மெண்டும் கெடையாது, இதுக்கு எதுக்குய்யா முத்திரை?"

"ஒரு ஆர்டர் போடணும்."

"வீட்டுல ஆர்டர் போடுற கணவரா? அப்ப நல்லா பெருசாவே வெட்டித் தரேன்" என்றார். சில்வியா சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

நான்காம் நாள் காலை ரூத் பாத்தியருகே உட்கார்ந்தேவிட்டாள். நிற்கத் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே போர்வையை உயர்த்திப் பிடித்திருந்தாள். நானும் சில்வியாவும் தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தோம். அவள் கால்விரல்கள் வெள்ளையாக, விறைத்துப்போயிருந்தன. தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். உறைந்த காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து மணிக்கு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில், முறைப்படி, இரண்டு பிரதி. பெயர்: எஸ்தர், பர்மியப் பெயரில் டோ கின் மே. இருக்கும் இடம்: மொண்ட்ரியால். போகும் இடம்: யாங்கோன், தாகேதா, தங்கை வீட்டுத் தோட்டம். கையெழுத்து. முத்திரை. ரூத்தின் படுக்கையருகே கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். மிஷன் பள்ளியில் படித்து, நாற்பது வருஷம் ஆர்டர்களை டைப் அடித்தவள்.

"அத்தான், இது லீவு ஆர்டர்."

"ஆமா."

"எண்பத்தஞ்சு நாள் லீவு. ஏப்ரல் மாசம் மண்ணு எளகினதும் திரும்பிப் போய்ச் சேரணும்னு எழுதியிருக்கீங்க." தாளை இறக்கினாள். "அப்போ இன்னும் பொதைக்கல."

"இல்ல. அங்க மண்ணு பாறையா கெடக்கு. ஏப்ரல்லதான் முடியும். உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு நெனச்சோம்."

"அது பரவால்ல. அவ சொல்லிட்டா. ஆனா ஊ தௌங் சொன்னது ட்ரான்ஸ்பர். நீங்க லீவுதான் குடுக்கறீங்க." இருமினாள். இருமல் நிற்கக் காத்திருந்தேன். "இருவத்தி ரெண்டு வருஷத்துல மூணு தடவ அனுப்பினீங்க. இருவத்தோரு நாள், இருவத்தோரு நாள், பதினெட்டு நாள். எனக்கும் எண்ணத் தெரியும் அத்தான். கடேசி தடவ ஏர்போர்ட்டுல பெட்டியத் தூக்கிக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? ‘ரூத்து, என் லீவு முடிஞ்சுது'ன்னா. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா."

"எங்கிட்ட அப்படிச் சொன்னதே இல்லையே."

"உங்ககிட்ட எப்படிச் சொல்லுவா? ஒவ்வொரு நவம்பரும் ஊருக்குப் போலாமான்னு கேட்டாளா இல்லையா?"

கேட்டாள். ஒவ்வொரு நவம்பரும் கேட்டாள். முதல் பனி விழும் நாளில் ஜன்னலருகே நின்றுகொண்டு கேட்பாள். நான் பேத்தியின் பள்ளிக்கூடத்தைச் சொல்வேன், முழங்கால் வைத்தியத்தைச் சொல்வேன், யாங்கோனில் கரண்ட் இல்லாததைச் சொல்வேன். அவள் திரையை இழுத்து மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை. அதனால் சம்மதித்துவிட்டதாக எழுதிக்கொண்டேன்.

தாள்களை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். உச்சி வெயில், முப்பத்தோரு பாகை. சாமந்தியில் வண்ணத்துப்பூச்சிகள். வேலிக்கு அப்பால் ஒருவன் ஐஸ் விற்றுக்கொண்டு போனான். டேலியாப் பாத்தியில் கருகிய இலைகள் இருபத்தாறு. அந்த இடத்தில் கையை நீட்டினால் பகலிலும் குளிர்ந்தது. எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. ஏப்ரலில் கல்லறைத் தோட்டத்திலிருந்து கூப்பிடுவார்கள். மகளும் பேத்தியும் மெல்லிய கோட்டில் வந்து நிற்பார்கள், போதகர் ஜெபம் சொல்லுவார், பெட்டியை இறக்குவார்கள். அதில் அவள் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். பக்கத்து இடம் எனக்குக் காலியாக இருக்கும். இவ்வளவையும் நினைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புதிதாக எழுதினேன். திரும்பும் தேதி என்ற வரி இல்லை. "நிரந்தரமாக" என்ற சொல்லில் பேனா நின்றது. மை காய்ந்துவிட்டது என்று உதறினேன். காயவில்லை.

ஐந்தாம் நாள், ஆறு மணிக்குச் சற்று முன்பு. சில்வியா தாயைத் தாங்கிப் பிடித்திருந்தாள். ஊ தௌங் வேலிக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பாத்தியின் முன்னால் போனேன். காற்றில் அந்த வாசம் இருந்தது. பனி விழப்போகும் காலையில் மொண்ட்ரியாலில் வரும் வாசம், இரும்பை நக்கியது போல. தாளின் விளிம்பு என் கையில் விறைத்துக்கொண்டது.

முதல் வரி வாயிலிருந்து வரவில்லை, புகைதான் வந்தது. ஊ தௌங் வேலிக்கு வெளியிலிருந்து, "உரக்க. ஆபீசில் படிப்பது போல" என்றார். படித்தேன். பெயரை இரண்டு விதமாகவும் படித்தேன். இருந்த இடம், போகும் இடம். இன்று முற்பகல் முதல் நிரந்தரமாக விடுவிக்கப்படுகிறார். கீழே என் பெயர். பதவியையும் படித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கொய்யா மரத்தில் ஒரு காகம் கத்தியது. பிறகு குளிர் நகர்ந்தது. பாத்தியை விட்டு என்னை நோக்கி வந்தது. முகத்திலும் கழுத்திலும் பட்டது. என் வலது பக்கம் வந்தபோது, "எஸ்தர்" என்றேன். நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போயிற்று. அடுப்படி வாசலில் தொங்கும் திரை ஓரமாக விலகி, மறுபடி விழுந்தது.

ரூத் சில்வியாவின் கையை விலக்கினாள். தானாக எழுந்தாள். மேல் ஸ்வெட்டரைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குள் போனாள்.

"அம்மா, எங்க போறீங்க?"

"பசிக்குதுடி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாத்திரம் உருளும் சத்தம். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம். பிறகு ரூத் பேச ஆரம்பித்தாள். அக்காவும் தங்கையும் சின்ன வயதிலிருந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பர்மியமும் தமிழும் கலந்த பேச்சு, பாதிச் சொற்களில். ஒரு வாக்கியம் பேசுவாள், நிறுத்துவாள். ஒரு பதிலுக்குத் தேவையான நேரம். பிறகு அடுத்தது. நடுவில் சிரித்தாள். சில்வியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், என்ன அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. ஊ தௌங் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டிவிட்டுப் போனார்.

வெயில் கொய்யா மரத்தின் மேல்பக்கம் இறங்கியிருந்தது. எனக்குக் கைகால் விறைத்துக் கிடந்தது. அடுப்படி வாசலுக்குப் போய்த் திரையை விலக்கினேன். ரூத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பழைய சோறும் பலாச்சான் என்கிற இறால் கருவாட்டுப் பொரியலும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் இரண்டு கோப்பை டீ, ஒரே கெட்டிலிலிருந்து அப்போதுதான் ஊற்றியது. அவள் கோப்பையில் ஆவி பறந்தது. எதிரில் வைத்திருந்த கோப்பையில் பறக்கவில்லை.

"ரூத்து, எனக்கும் ஒரு டீ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"செத்த வெளிய இருங்க அத்தான். அக்கா இப்பத்தான் உக்காந்திருக்கா."